டவுன்டவுன்: நடுவூரா, கடைவீதியா?

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு சிற்றூரை நெருங்கும்போது 'ஹிஸ்டாரிக் டவுன்டவுன்' என்று அம்புக்குறியோடு பழுப்பு நிறப் பலகை தென்படும். அந்தப் பக்கம் திரும்பினால் செங்கல் முகப்போடு இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். கீழே கடை, மேலே பெரிய சன்னல்கள். இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'வரலாற்றுச் சிறப்புமிக்க நகர மையம்' என்று எழுதிவிடலாம். தப்பில்லை. ஆனால் அங்கே நடந்து பார்த்தவர் வாயில் அது வராது.

முதலில் சொல்லைப் பிரிப்போம். தமிழில் எழுதினால் இரண்டு 'டவுனும்' ஒன்றுபோலவே இருக்கின்றன. பிறப்பில் அவை வேறு வேறு. முதல் டவுனுக்குக் 'கீழே' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறித்த ஒரு சொல், 'குன்றிலிருந்து இறங்கி' என்ற தொடரில் தேய்ந்து தேய்ந்து வெறும் 'கீழே' ஆகிவிட்டது. மேட்டின் பெயர் பள்ளத்துக்குப் போன கதை! இரண்டாவது டவுன் வேலி போட்டு அடைத்த இடம். அதன் உறவுச் சொல்லுக்கு ஜெர்மனில் இன்றும் வேலி என்றே பொருள். டச்சு மொழியில் தோட்டம். ஆடுமாடு அடைக்கும் 'பட்டி' நம் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டதும் இதே வழியில்தான்.

இரண்டும் சேர்ந்தது நியூயார்க்கில். மன்ஹாட்டன் தீவின் தென்முனையில்தான் நகரம் தொடங்கியது. பிறகு வடக்கு நோக்கி வளர்ந்தது. வடக்கே குடியேறியவர்களுக்கு வியாபாரம் நடக்கும் பழைய பகுதி 'கீழே' ஆனது. 1830களிலேயே இந்தச் சொல் எழுத்தில் வந்துவிட்டது. அப்புறம் மேடு பள்ளம், வடக்கு தெற்கு எதையும் பார்க்காமல் எல்லா ஊர்களும் இதை எடுத்துக்கொண்டன. ஆகவே 'கீழூர்' என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். 'நகர மையம்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: டெட்ராய்ட்டின் டவுன்டவுன் ஆற்றங்கரையில், கிளீவ்லாந்தினுடையது ஏரிக்கரையில். வரைபடத்தில் இரண்டுமே ஊர் நடுவில் இல்லை.

இந்தப் பகுதிகள் வெறிச்சோடியது இரண்டாம் உலகப் போருக்குப் பின். கார் பெருகியது, மக்கள் புறநகருக்குப் போனார்கள், கடைகளும் பின்னாலேயே போயின. 1956-இல் மட்டும் இரண்டு அடி: மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது, மினசோட்டாவில் முழுக்கக் கூரைக்குள் அடங்கிய சவுத்டேல் மால் திறந்தது. காலியான கட்டடங்களை இடித்துத் தள்ளுவதற்கு அன்று வைத்த பெயர் 'நகரப் புதுப்பிப்பு'.

அதற்கு மாற்றாக வந்த சொல்தான் 'ரீவைட்டலைசேஷன்'. உள்ளே இருப்பது 'வீட்டா', லத்தீனில் உயிர். 1977-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று சிற்றூர்களில் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற முயற்சியைத் தொடங்கியது. இடிக்காமல், இருப்பதை வைத்தே தெருவுக்கு ஆள் வரவழைப்பது அதன் வழி. தென் கரோலினாவின் கிரீன்வில் இதைத் தன் போக்கில் செய்தது. 1970களின் இறுதியில் முதன்மைத் தெருவின் நான்கு தடங்களை இரண்டாகக் குறைத்து மரம் நட்டார்கள். பின்னர் அருவியை மறைத்து நின்ற வாகனப் பாலத்தை அகற்றி, 2004-இல் நடைபாலம் திறந்தார்கள்.

இதைச் 'சீரமைப்பு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சுவருக்குச் சாயம் பூசினால் சீரமைப்பு. 'புத்துயிர்ப்பு' வேறு. வெளியூர்க்காரர் அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு: சாயங்காலம் கடை மூடியபின் மாடிச் சன்னல்களைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அங்கே ஆள் குடியிருக்கிறது. (வாடகை ஏறிப் பழைய கடைக்காரர் வெளியேறினாலும் விளக்கு எரியும். அது யாருடைய உயிர் என்பது தனி வழக்கு.)

சரி, என் தேர்வு இது: வானளாவிகள் நிற்கும் பெருநகரத்துக்கு 'நகர மையம்' இருக்கட்டும். பழுப்புப் பலகை காட்டும் தெருவுக்குப் 'பழைய கடைவீதி'. 'கிரீன்வில் கடைவீதி புத்துயிர் பெற்றது' என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. பேச்சிலோ, 'டவுனுக்குப் போய்ட்டு வர்றேன்' என்று கிளம்புகிறவர் கடைகண்ணிக்குப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு டவுனே போதும்.