அதிர்வு உறிஞ்சியா, இசைநிறைத் தணிப்பியா?

தைவானின் தைப்பே 101 கோபுரம் காற்றில் ஆடுவதைக் குறைக்க அதன் உச்சி மாடிகளில் தொங்கும் 660 டன் எஃகு உருண்டையைப் பற்றி எழுதுவோர் பலரும் அதை ‘அதிர்வு உறிஞ்சி’ என்றே எழுதுகிறார்கள். இது தவறான பெயர்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘டியூன்டு மாஸ் டாம்பர்’. டியூன், ‘டோன்’ என்பதன் திரிபு, மாஸ், நிறை. ‘டாம்ப்’ ஆவியையும் புகையையும் குறித்து, பிறகு திணறடித்தல், ஒடுக்குதல் என விரிந்தது. ஈரம் என்ற பொருள் பின்னால் வந்தது. ஆகவே ‘ஈரப்படுத்தி’யைப் பேசவே வேண்டாம்.

உறிஞ்சிக்கு வருவோம். பஞ்சு எந்த நீரையும் உறிஞ்சும். இக்கருவியோ ஒரே ஒரு அதிர்வெண்ணுக்குத்தான் வேலை செய்யும். கட்டடத்தின் இயல்பு அதிர்வெண்ணுக்கு, அதாவது அது தானாக ஆடும் வேகத்துக்கு ஏற்ப, ஊசலின் நீளத்தையோ வில்சுருளின் விறைப்பையோ அமைக்க வேண்டும்: அலைவு நேரம் 7 நொடி என்றால் ஊசல் ஏறத்தாழ 12 மீட்டர். நிறை கட்டடத்துக்குக் கால் சுழற்சி பின்தங்கி ஆடி அதை எதிர்க்கிறது. ஆற்றலை வெப்பமாக்கிக் கரைப்பது பக்கத்தில் பூட்டிய எண்ணெய் உருளை. உருளை இல்லையென்றால்? 1909இல் ஜெர்மன் பொறியாளர் ஃபிராம் காப்புரிமை கோரிய கருவி அப்படிப்பட்டதுதான். ஒரு அதிர்வெண்ணில் ஆட்டம் அடங்கும். அதன் இருபுறமும் ஆட்டம் பெருகும் அதிர்வெண்கள், அதாவது ஒத்ததிர்வுகள், புதிதாக இரண்டு முளைக்கும். எதையும் உறிஞ்சாத அதற்கே ஆங்கிலத்தில் ‘அப்சார்பர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் பிழையை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்?

பிறகு பொறியாளர் டென் ஹார்டாக் கணக்குப் போட்டுக் காட்டினார்: தொங்கும் துணைநிறை கட்டடத்தின் நிறையில் 2 சதவீதம் என்றால் அதன் அதிர்வெண் கட்டடத்தினுடையதைவிட ஏறத்தாழ 2 சதவீதம் குறைவாகவும், ஆட்டத்தை அடக்கும் அளவான தணிப்பு விகிதம் சுமார் 8.5 சதவீதமாகவும் இருக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமான பொருத்தத்தை ‘உறிஞ்சி’ ஒரு எழுத்தில்கூடச் சொல்லவில்லை.

‘நிலநடுக்கத் தடுப்பு உருண்டை’ இன்னும் மோசம். நிறை ஆடத் தொடங்கவே சில சுழற்சிகள் பிடிக்கும். நிலநடுக்கத்தின் முதல் உலுக்கலுக்கு அது உதவாது. கோபுரத்தில் காற்றும் நடைபாலத்தில் நடப்போர் காலடியும்தான் அதன் களம்.

‘இசைநிறைத் தணிப்பி’ என்பதே என் தேர்வு. வீணைக்குச் சுருதி கூட்டுவதும் இருவர் இசைந்து போவதும் ‘இசை’யில் அடங்கும். அடங்கிவரும் அலைவைக் குறிக்கும் பாடநூலின் ‘தடையுறு’ நல்ல சொல்தான், ஆனால் அதிலிருந்து கருவிப்பெயர் எளிதில் பிறக்காது. ‘எதிர்நிறை’ என்றால் மின்தூக்கியின் எடைக்கட்டை நினைவுக்கு வரும்.

மொழிபெயர்ப்பவர்கள் கருவி இயங்கும் விதத்தை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் பெயர் வைக்கட்டும். கட்டி முடித்தபின் சுவரும் தளவாடமும் ஏறினால் கட்டடத்தின் அதிர்வெண் மாறும். அப்போது மீண்டும் இசைவிக்காவிட்டால் உச்சியில் தொங்குவது வெறும் பாரம்.