நடக்க முடிகிறது என்பதற்காக ஆட விடாதீர்கள்

முழங்கால் வீங்கிய பிள்ளையைக் கூட்டிவந்து, "நாளை ஒரு போட்டி இருக்கிறது, இறுக்கி ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள் மிஸ்" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலயமட்டப் போட்டிகள் தொடங்கினாலே எங்கள் இயன்மருத்துவப் பிரிவின் வாங்கில் இவர்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதிலும் தோற்றுக்கொண்டிருக்கும் அணிகளின் பிள்ளைகள்தான் அதிகம். வெல்கிற அணி, காயப்பட்டவனை இருத்திவிட்டு இன்னொருவனை இறக்கும். தோற்கிற அணிக்குத்தான் அந்த ஒருவன் இல்லாமல் முடிவதில்லை.

கடைசியாக வந்தவன் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து வந்த கூடைப்பந்து வீரன், பாடசாலைப் பையன். பந்துக்கு எழும்பி இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடிந்திருக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம் தனக்கே கேட்டதாகச் சொன்னான். பொழுதுபடுவதற்குள் வீக்கம். மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்காட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஓடிக்காட்டினான். அடுத்த போட்டியில் இறக்கினார்கள். பந்தோடு திரும்பியவன், யாரும் தொடாமலே விழுந்தான்.

தாய் அவனை பஸ்ஸில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தபோது முழங்கால் முழுவதும் நோவெண்ணெய். சில்லின் மேல் விரலை வைத்து அழுத்தினால் அது அமிழ்ந்து எலும்பில் தட்டி மறுபடி மேலே வருகிறது, அவ்வளவு நீர். காலைச் சற்று மடித்துப் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுத்தேன். நல்ல முழங்கால் என்றால் ஓரிடத்தில் இறுகி நிற்கும். மற்றக் கால் நின்றது. இந்தக் கால் வந்துகொண்டேயிருந்தது. முன்பக்கக் குறுக்குச் சவ்வு (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் நார், ACL என்பார்கள்) போய்விட்டது என்பதற்கு அதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம். ஸ்கான் எடுப்பது சத்திரசிகிச்சை நிபுணருக்காக.

ஏன் மறுபடி ஆடினாய் என்று கேட்டேன். "கிளே தொம்சன் சவ்வு கிழிந்த பிறகும் திரும்பி வந்து இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டவர்தானே மிஸ்" என்றான்.

போட்டவர்தான். 2019 ஜூன் 13, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் தொம்சன் எழும்பி இறங்கும்போது இடது முழங்கால் போனது. உள்ளே கொண்டுபோனவர்கள் கண்முன்னாலேயே திரும்பி நடந்து வந்து, இரண்டு எறிதல்களையும் போட்டு இரண்டு புள்ளிகளையும் எடுத்தார். அந்தக் காணொளி எங்கள் பிள்ளைகள் எல்லாருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அடுத்த போட்டியில் கால்வைக்க 941 நாட்கள் பிடித்தன என்பது யாருடைய தொலைபேசியிலும் இல்லை. முழங்கால் தேறிவந்த நேரத்தில், 2020 நவம்பரில், வலது குதிக்கால் நாண் அறுந்தது. 2022 ஜனவரி 9 அன்றுதான் மறுபடி ஆடினார்.

தொம்சனின் முழங்கால் போன அந்த ஆறாவது ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்காலில் தசை இழுபட்டு ஒரு மாதமாக ஆடாமல் இருந்த அதே அணியின் கெவின் டுராண்ட், தொடர் கைவிட்டுப் போகிறதென்று இறக்கப்பட்டார். பன்னிரண்டு நிமிடம் ஆடினார். வலது குதிக்கால் நாண் அறுந்தது. முதற்காயம்தான் இரண்டாவதைக் கொண்டுவந்ததா என்று வைத்தியர்கள் வாதாடட்டும். அடுத்த பருவம் முழுவதும் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதில் வாதம் கிடையாது.

இனி அந்த அணியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள். 2019-20 பருவத்தில் 65 ஆட்டங்களில் 15 வெற்றி, 50 தோல்வி. முழு லீக்கிலும் கடைசி இடம். டுராண்ட் வேறு அணிக்குப் போய்விட்டார், தொம்சன் சிகிச்சையில். மிஞ்சியிருந்த ஸ்டீபன் கரிக்கு பருவம் தொடங்கிய உடனேயே இடது கை முறிந்தது. கரி எறிவது வலது கையால். அணியோ அடிமட்டத்தில். எங்கள் ஊர் என்றால் மூன்றாவது கிழமையே "எறிகிற கை நன்றாகத்தானே இருக்கிறது" என்று கட்டோடு இறக்கியிருப்பார்கள். அவர்கள் நான்கு மாதத்துக்கு மேல் இருத்திவைத்தார்கள். தோற்றார்கள், தோற்றார்கள், தோற்றுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் கிண்ணம் எடுத்தபோது கரியும் தொம்சனும் களத்தில் நின்றார்கள்.

அங்கே கடைசியாக வந்தால் அடுத்த ஆண்டு நல்ல இளம் வீரரைத் தெரிவுசெய்யும் வாய்ப்புக் கூடுகிறது, இங்கே கடைசியாக வந்தால் பாடசாலை அதிபரிடம் பேச்சுத்தான் கிடைக்கிறது என்று ஒரு பயிற்றுநர் சொன்னார். நியாயமான கதைதான். ஆனால் அதிபர் பேசினால் காது வலிக்கும், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் கோபம் வருவது ஒரே ஒரு வசனத்தில்: "நடக்கிறான் மிஸ், அப்படியென்றால் ஒன்றும் கிழியவில்லை." ஐயா, அம்மா, தயவுசெய்து கேளுங்கள். இந்தச் சவ்வு கிழிந்தவர்களில் பெரும்பாலானோர் நடப்பார்கள். சைக்கிள் ஓடுவார்கள். வயலுக்குப் போவார்கள். வீக்கம் வற்றியபின் நேர்கோட்டில் ஓடவும் செய்வார்கள். நேரே போவதற்குத் தொடைத்தசை போதும். திடீரென்று நிற்பதற்கும், திரும்புவதற்கும், எழும்பி இறங்குவதற்கும்தான் அந்தச் சவ்வு வேண்டும். கூடைப்பந்தில் வேறு என்ன செய்கிறார்கள்? ஆகவே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுப் பார்ப்பது பரிசோதனையே அல்ல. மூன்றாவது கிழமை நோவும் வீக்கமும் குறைந்து "இப்போது சுகம்" என்று பிள்ளை சொல்லுமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை முழங்கால் விலகும்போதும் உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு நசிகிறது. சவ்வைச் சத்திரசிகிச்சையில் புதிதாக வைக்கலாம். குருத்தெலும்பை அப்படி வைக்க முடியாது. இருபத்தைந்து வயதில் படியேற முடியாமல் வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

"எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லையாம்" என்பது இதன் தம்பி. எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். சவ்வைக் காட்டாது.

வன்னியில் இதைச் சொல்வதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பிரிவில் அதே வாங்கில் செயற்கைக்கால் பொருத்தியவர்கள் இருக்கிறார்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இன்னும் உடம்பில் ஷெல் துண்டோடு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தகப்பன் தன் சாரத்தை உயர்த்தித் தழும்பைக் காட்டி, "கடைசி யுத்தத்தில் இதோடு நான் மாத்தளனிலிருந்து நடந்து வந்தவன், இவனுக்கு இது ஒரு காயமா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அன்று நடந்தேயாக வேண்டியிருந்தது, நடந்தீர்கள். நாளைய போட்டிக்கு உங்கள் மகன் போயேயாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவர் பேசவில்லை. மகனை அழைத்துக்கொண்டு போனார். போட்டிக்கு அனுப்பவில்லை என்று பிறகு அறிந்தேன்.

சான்றிதழ் வேண்டும் என்கிற பெற்றோரின் கவலையும் எனக்குத் தெரியும். மாகாணமட்டம், தேசியமட்டம் என்றால் எதிர்காலத்துக்கு உதவும். உயர்தரம் முடியும்வரை ஆடவேண்டிய காலை ஒரு வலயமட்டப் போட்டிக்காகக் கொடுத்துவிட்டால் அந்தச் சான்றிதழும் வராது.

ஆகவே பயிற்றுநர்களே, இதை அணி அறையில் ஒட்டிவையுங்கள். விழும்போது சத்தம் கேட்டதென்று பிள்ளை சொன்னாலோ, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினாலோ அன்றைய ஆட்டம் மட்டுமல்ல, எங்களிடம் காட்டும்வரை எந்த ஆட்டமும் கிடையாது. கணுக்கால் உளுக்கி நான்கு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் மொழி எலும்பைத் தொட்டாலே கத்தினால், எக்ஸ்-ரே. முதல் இரண்டு மூன்று நாள் உருவவே கூடாது, சூட்டு ஒத்தடமும் வேண்டாம், புக்கை கட்டவும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். நோ குளிசை போட்டு ஆடவிடுவது குற்றம் என்றே சொல்வேன். நோவை மறைத்தால் பிள்ளைக்குத் தெரிகிற ஒரே எச்சரிக்கையும் போய்விடும்.

தோற்றதற்குத் தண்டனையாக உச்சி வெயிலில் சீமெந்துத் தரையில் பத்துச் சுற்று ஓடவிடுவதை விடுங்கள். களைத்த கால்தான் தவறாக இறங்கும். அந்த நேரத்தில் எழும்பி இறங்கப் பழக்குங்கள்: முழங்கால் உள்ளே சாயாமல், மெதுவாக, இரண்டு காலிலும். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஒழுங்காக உடலைச் சூடாக்கினால் காயங்கள் குறைகின்றன என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியான விடயம். பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாக வேண்டும். இந்தச் சவ்வு அவர்களுக்கு ஆண் பிள்ளைகளைவிடச் சில மடங்கு அதிகமாகக் கிழிகிறது. வலைப்பந்து அணி வைத்திருக்கும் ஆசிரியைமாரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் பந்தைத் தொடுவதைப் பற்றி என்னிடம் பேரம் பேசவேண்டாம். ஒன்பது மாதம் முடிந்தாலும் ஒற்றைக்காலில் பாய்ந்து காட்டவேண்டும், இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் பாய வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

பிள்ளையை இருத்திவைக்கச் சொல்லிக் கடிதம் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். அதிபரோ விளையாட்டு ஆசிரியரோ கோபித்துக்கொண்டால் என்னோடு கோபிக்கட்டும். வரும்போது எக்ஸ்-ரேயையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவாருங்கள், முழங்காலுக்கு மேலே மடிக்கக்கூடிய காற்சட்டை போட்டு வாருங்கள். நோவெண்ணெய் பூசாமல் வந்தால் இன்னும் நல்லது, கை வழுக்குகிறது.