உள்பக்கம்தான் குழந்தையின் பக்கம்

"லைனிங்தானே அக்கா? உள்ளே யாருக்குத் தெரியப்போகுது?"

அம்மாபேட்டையிலிருந்து என் தையல் வகுப்புக்கு வரும் பெண் கேட்டாள். மகளுக்கு முதல் பிறந்தநாள். மாமியார் கொடுத்த பழைய பட்டுச் சேலையை வெட்டி கவுன் தைக்க வேண்டும். சேலை அருமையான சேலை. உள்ளே கொடுக்க அவள் வாங்கி வந்திருந்ததோ வழுவழுவென்று ஒரு பாலியஸ்டர். பார்க்கிறவர்களுக்கு லைனிங் தெரியாதுதான். ஆனால் போட்டிருக்கிற குழந்தையின் உடம்பில் நாள் முழுக்க உரசுவது அதுதான்.

சேலத்து வெயிலில் பாலியஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது. பட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஈரம் தேங்கி, சாயங்காலத்துக்குள் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு கிளம்பிவிடும். கடையில் 'காட்டன் லைனிங்' என்று கொடுப்பதெல்லாம் காட்டனாகவே இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, குறடால் பிடித்து விளக்கில் காட்டுங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான மணி நிற்கும். கலப்பு நூல் என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அந்தச் சின்ன மணியை ஒவ்வொரு மாணவியையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன், ஆறின பிறகுதான். தீபாவளிக்குப் பொறி பட்டால் இதே மாதிரி உருகித்தான் தோலில் ஒட்டும். காட்டனும் எரியும்தான், ஆனால் இப்படி ஒட்டிக்கொள்ளாது. கேன்கேன் நெட் என்கிற விறைப்பான செயற்கை இழை வலை வைத்துக் குடை மாதிரி விரிகிற கவுன் போட்டோவுக்குச் சரி, மத்தாப்பு பிடிக்க வேண்டாம்.

அவளைத் திருப்பி அனுப்பி வெள்ளை மல் துணி, அதாவது மெல்லிய காட்டன், வாங்கி வரச் சொன்னேன். வந்ததும் வெட்ட உட்கார்ந்தாள். அங்கேயும் ஒரு நிறுத்தம். காட்டன் லைனிங்கை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சி போக அலசி, காயவைத்து அயர்ன் செய்த பிறகுதான் கத்தரி. சில துணிகள் மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும். அப்படியே தைத்தால் முதல் சலவையில் லைனிங் மேலே ஏறி, வெளித்துணியைப் பிடித்து இழுத்து, கவுன் பலூன் மாதிரி உப்பும். சாயமும் பார்க்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து அயர்ன் பெட்டியால் அழுத்தினாலே போதும், சாயம் போகிற துணி தானே காட்டிக்கொடுக்கும். அவளுடைய சேலையில் சிவப்பு பார்டர் லேசாக இறங்கியது. பார்டரை வேறு இடத்துக்கு மாற்றி வெட்டினோம்.

இனி, புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஷோல்டர், சைடு இரண்டையும் மூட்டிவிட்டு, கழுத்தையும் இரண்டு கைவளைவையும் லைனிங்கோடு சேர்த்துத் தைத்தால், பாடியை, அதாவது கவுனின் மேல்பகுதியை, திருப்பவே முடியாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் முறுக்கிக்கொள்ளும். நானும் முதல் கவுனில் இரவு பதினொரு மணிக்குப் பிரித்தவள்தான். பின்னால் திறப்புள்ள கவுனில் இதற்கு வழி எளிது: சைடைக் கடைசிக்கு விடுங்கள். ஷோல்டரை மட்டும் மூட்டி, வெளித்துணியின் நல்ல பக்கமும் லைனிங்கின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று தொட வைத்துக் கழுத்தையும் கைவளைவையும் தைத்து, வளைவுகளில் தையலைத் தொடாமல் குட்டிக் குட்டியாக வெட்டுக் கொடுங்கள். பிறகு பின்பக்கத்தின் ஒவ்வொரு பாதியையும் அந்தந்த ஷோல்டர் வழியாக முன்பக்கம் இழுத்தால் அழகாகத் திரும்பிவிடும். அப்புறம் வெளித்துணி, லைனிங் இரண்டின் சைடையும் ஒரே நீளத் தையலாகப் போடலாம். பிசிறு எல்லாம் உள்ளே மறைந்துவிடும், அக்குளில் எதுவும் உறுத்தாது.

முதல் முயற்சிக்கு இதுவும் பயமாக இருந்தால் ஷோல்டரில் பட்டன் வைத்த கவுன் தையுங்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் சைடைத் தனித்தனியாக மூட்டி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து மேல் விளிம்பு முழுக்கச் சுற்றித் தைத்து, கீழ்வழியாகத் திருப்பினால் வேலை முடிந்தது. கீழே இரண்டு துணியின் ஓரத்தையும் உள்ளே மடக்கி ஒரு தையல் போட்டால் இருபுறமும் போடும் கவுன்! ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டும், குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்ட பிறகு அளவெடுப்பேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் கவுன் இறுக்குகிறது என்று திரும்ப இறங்கி வரக் கூடாது பாருங்கள்.

இருபுறக் கவுனில் பட்டனை வெளியிலும் உள்ளிலும் வைக்கத் தோன்றும். உள்ளே இருப்பது தோளில் பதியும். அழுத்தி மூடுகிற தட்டையான டிச் பட்டன் தேவலை. மூன்று வயதுக்குள் என்றால் எந்தப் பட்டனாக இருந்தாலும் தைத்த பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் கையோடு வருவது குழந்தையின் வாய்க்குத்தான் போகும். கழுத்தில் நாடா கட்டுவதை நான் சொல்லிக் கொடுப்பதே இல்லை. ஊஞ்சலிலோ கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில், கழுத்துப் பகுதியில் நாடாவே கூடாது என்று தரவிதி இருக்கிறது. நாம் ஏற்றுமதி செய்யும் துணிக்குப் பார்ப்பதை நம் வீட்டுக் குழந்தைக்குப் பார்ப்பதில்லை.

பட்டு கவுனுக்குத் திரும்புகிறேன். கடைசித் தையலில், ஜரிகை நாலு மடிப்பாகச் சேர்ந்த இடத்தில் ஊசி முறிந்தது. பட்டுக்கு 11-ஆம் நம்பர் ஊசி போதும்தான், மடிப்பு தடித்த இடத்தில் மெஷினை ஓட விடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றியிருக்க வேண்டும். அவள் புது ஊசி மாட்டப் போனாள்.

"நுனி எங்கே கண்ணு?" என்றேன்.

"கீழே விழுந்திருக்கும் அக்கா."

ஏற்றுமதி யூனிட்களில் முறிந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். என் வகுப்பிலும் அதே சட்டம். தரையைப் பெருக்கினோம், பாபினைக் கழற்றிப் பார்த்தோம், இல்லை. லைனிங் இல்லாத கவுன் என்றால் ஒரு உதறு உதறினால் விழுந்துவிடும். இது இரண்டு துணிக்கு நடுவே பை மாதிரி. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்து கவுன் முழுக்கத் தடவினேன். இடது அக்குளுக்கு இரண்டு விரல் கீழே லைனிங் லேசாக எழும்பி ஒட்டியது. அந்த இடத்தில் தையலைப் பிரித்தாள். அரிசியில் பாதி அளவு நுனி.

அதை டேப் போட்டு நோட்டில் ஒட்டி, கீழே தேதி எழுதினாள். அப்புறம் கையில் பிடித்திருந்த குண்டூசிகளை, யாரும் சொல்லாமலே, எண்ண ஆரம்பித்தாள்.