மைன்கிராஃப்ட் பெட்டிக்குப் பூட்டு கிடையாது

"என் பிக்காக்ஸை எடுத்துட்டாங்க" என்று மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "கேம்தானே, விடு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மூன்று வைரமும் இரண்டு குச்சியும் இருந்தால் டைமண்ட் பிக்காக்ஸ் (கல் தோண்டும் கருவி) செய்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வைரத்துக்காக அடியாழம் வரை தோண்டி, லெவல் சேர்த்து மந்திரம் ஏற்றி, ஆன்வில் என்ற பட்டறைக் கல்லில் வைத்து அதற்கொரு பெயரும் சூட்டியிருக்கும் அந்தப் பிள்ளை. தொலைந்தது அதன் உழைப்பு.

பிள்ளைகள் சேர்ந்து கட்டும் உலகங்களில் சண்டை பெரும்பாலும் பொருள் வைக்கும் பெட்டியில்தான் தொடங்குகிறது. ஒரு பெட்டியில் 27 இடம், இரண்டைச் சேர்த்து வைத்தால் 54. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எடுத்தவர் பெயர் தானாக எங்கும் பதிவாகாது. ஒரு பொருள் காணாமல் போனால் எல்லோர் மேலும் சந்தேகம் விழும், மறுநாள் ஆளுக்கொரு மூலையில் தனி வீடு கட்டத் தொடங்குவார்கள்.

பொதுப் பெட்டியில் கல், மரம், உணவு மட்டும் இருக்கட்டும். "யாரும் எடுக்கலாம்" என்று பக்கத்தில் பலகை வையுங்கள். சொந்தப் பொருளுக்கு எண்டர் செஸ்ட் என்ற தனிவகைப் பெட்டி. அதைச் செய்ய எட்டு அப்சிடியன் கல்லும், எண்டர் கண் என்ற பொருள் ஒன்றும் போதும். கூடத்தில் ஒன்றே ஒன்று வைத்தாலும், திறப்பவருக்கு அவரவருடைய 27 இடம் மட்டுமே தெரியும். யாராவது அதை உடைத்துவிட்டால் பதற வேண்டாம், உள்ளே இருந்தது அழியாது. வேறொரு எண்டர் செஸ்ட்டைத் திறந்தால் அப்படியே இருக்கும்.

விளையாட்டில் செத்துப்போன இடத்தில் சிதறும் பொருள்கள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும். பக்கத்தில் ஆள் இருக்கும்வரை அந்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், நண்பன் காவல் நிற்பதைவிட எடுத்து வைப்பதே நல்லது. ஆனால் சொல்லாமல் எடுத்தால், காப்பாற்றிய பிள்ளையே திருடனாகிவிடும். "எடுத்து வைக்கிறேன்" என்று உடனே சாட்டில் எழுதப் பழக்குங்கள். சிறு பிள்ளைகள் என்றால், செத்தாலும் பொருள்கள் சிதறாமல் கையிலேயே இருக்கச் செய்யும் கீப் இன்வென்டரியை ஆன் செய்துவிடுவதே என் பரிந்துரை.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் பேப்பர் வகை (பிளகின், அதாவது கூடுதல் மென்பொருள், சேர்க்கக்கூடிய) சர்வர் நடத்துபவர்கள், யார் எதைச் செய்தார்கள் என்று பதிவு செய்யும் கோர்புரொடெக்ட் பிளகினை முதல் நாளே போட்டுவிடுங்கள். போட்ட பிறகு நடப்பதை மட்டுமே அது பதிவு செய்யும். அதன் இன்ஸ்பெக்ட் கட்டளையை இயக்கிப் பெட்டியை வலது கிளிக் செய்தால் யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று காட்டும். அந்தப் பெயரை எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். தனியாகக் கேளுங்கள். "பொதுப் பெட்டின்னு நினைச்சேன்" என்று பதில் வந்தால், அங்கே பலகை இருந்ததா என்று முதலில் போய்ப் பாருங்கள்.