நுளம்புக்காக இந்தச் செடியைப் பிடுங்காதீர்கள்

மழை தொடங்கி டெங்குச் செய்தி வந்தால் எனக்கு இந்த அழைப்பும் வரும். "மிஸ், நுளம்பு தின்னுற செடி ஒண்டு இருக்காமே? ஒரு கொத்து எடுத்துத் தாங்கோவன், தொட்டிக்குள்ள போடுவம்." இந்த முறை கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு மாணவியின் தாய். உயர்தர மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பிக்கிறேன். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் என் வேலை. அவர் கேட்டது யூற்றிக்குலேரியா, சின்னச் சின்னப் பைகளால் நுண்ணிய உயிர்களைப் பிடித்துத் தின்னும் செடி. தரமாட்டேன் என்றேன்.

நாங்கள் அடிக்கடி பார்ப்பது யூற்றிக்குலேரியா பிஃபிடா. 1753இல் லின்னேயசு பெயரிட்ட சின்னச் செடி. ஈரப் புல்லுக்குள் விரல் நீளத் தண்டு, அதில் மஞ்சள் பூ. பூ உதிர்ந்ததும் இரண்டு புல்லி இதழ்களும் வளர்ந்து, கைகூப்பியதுபோலக் காயை மூடிக்கொள்ளும். இதற்கு வேர் கிடையாது. சேற்றுக்குள் நூல்போன்ற கிளைகள் ஓடுகின்றன, அவற்றில்தான் பைகள் இருக்கின்றன.

தண்டைப் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து, பைகள் சேற்றிலேயே தங்கிவிடும். "மிஸ், இதில பையே இல்லை" என்று பிள்ளைகள் சொல்வது அதனால்தான். தீப்பெட்டி அளவு மண்கட்டி ஒன்றை வெட்டி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு மெல்ல மெல்லக் கரைக்க வேண்டும். கடைசியில் கண்ணாடி மணல்போல ஏதோ மினுங்கும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த பைகள் அவை. ஒருமுறை நுணுக்குக்காட்டியில் ஒரு பையின் வாயில் வட்டப்புழு ஒன்றின் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அன்று பாடமே நடக்கவில்லை, பிள்ளைகள் வரிசையில் நின்று அதையே பார்த்தார்கள்.

பையின் சுவர் இரண்டே கல வரிசை. அதிலுள்ள சுரப்பிகள் உள்ளிருக்கும் நீரை வெளியே இறைக்க, பை ஒட்டிய கன்னம்போலக் குழிந்து நிற்கும். கதவில் ஒரு நுண்ணுயிர் முட்டியதும் கதவு திறக்கும், சுவர் உப்பும், தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபடும். செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். இரை தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது என்றுதான் 1875இல் டார்வின் எழுதினார். அவ்வளவு வேகத்தை வெறுங்கண்ணால் எப்படிப் பிடிப்பது? பை மறுபடி ஆயத்தமாக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

இனி நுளம்புக்கு வருவோம். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குடம்பிகூட இந்தப் பைக்குள் அடங்காது. நீரில் மிதக்கும் யூற்றிக்குலேரியா ஓரியாவின் பைகள் பெரியவை, இளங்குடம்பிகளை அவை பிடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் சத்துக் குறைந்த சதுப்பு நீரில் பழகியது அது. வீட்டுத் தொட்டியில் போட்டால் பெரும்பாலும் அழுகிப் போகும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது பூச்சாடி, ரயர், சிரட்டை, கூரைப்பீலி, தொட்டிச் சுவர் போன்ற இடங்களில். சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கிழமைக்கு ஒருமுறை தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். இதை அந்தத் தாயிடமும் சொன்னேன்.

எனக்கு அதிகம் நோவது வேறொன்று. இதே நுளம்புப் பயத்தில் பக்கத்துச் சதுப்புக்கு மண் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமென்று அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. மழைவெள்ளம் போய்த் தங்க இந்தச் சதுப்புகளை விட்டால் நமக்கு வேறு இடமில்லை.

மண் போடாமலும் இந்தச் செடியைக் கொல்லலாம். உணவை அது ஒளித்தொகுப்பால் தானே ஆக்கிக்கொள்கிறது, இரை பிடிப்பது நைதரசனுக்கும் பொசுபரசுக்கும்தான். மண்ணில் அவை குறைவாக இருக்கும்வரை உயரமான புற்கள் அங்கே தலையெடுக்காது, இதற்கு வெயில் கிடைக்கும். நான் வருடாவருடம் போன ஒரு வயலோரத்தில் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. அந்த மஞ்சள் பூவை அதற்குப் பிறகு அங்கே நான் காணவில்லை.

பார்க்க ஆசையுள்ளவர்கள் ஒரு கைவில்லையோடு வாருங்கள். ஒரு மண்கட்டி போதும், பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் தட்டில் கரைந்த சேற்றையும் நூல்களையும் வெட்டிய குழியிலேயே ஊற்றிவிட்டு வருவோம். அடுத்த மழைக்கு முளைக்கவேண்டிய விதைகள் அதற்குள் இருக்கும்.