பணம் வந்துவிட்டது, எடுக்க முடியவில்லை

மன்னார்குடி பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருந்தபோது நடந்தது. மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார் ஒரு அம்மா. கணவருக்குப் பக்கவாதம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர் மகன் மாதாமாதம் அனுப்பியதில் கணக்கில் ஒன்றரை லட்சம் கிடக்கிறது. கணக்கு கணவர் பெயரில் மட்டும்.

"நாமினி நான்தானே சார், குடுங்க."

நாமினிக்கு வேலை கணக்குக்காரர் காலமான பிறகுதான். அவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

வழி இல்லாமல் இல்லை. கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் கைநாட்டு வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகைகூடச் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. நானே போனேன். வலது கை விழுந்துவிட்டது. இடது கட்டைவிரலில் மை தடவிப் பதித்தோம். ஆயுசுக்கும் கையெழுத்துப் போட்ட மனிதர். நர்ஸ் பஞ்சால் துடைத்த பிறகும் அந்த நீல விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைவே தப்பியிருந்தால் இதுவும் நடந்திருக்காது, கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

அப்பா நன்றாக இருக்கும்போதே அம்மாவையும் கணக்கில் சேர்த்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. வெறும் ஜாயிண்ட் போதாது. 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று படிவத்தில் குறிக்க வேண்டும், அப்போதுதான் இருவரில் யார் வந்தாலும் எடுக்கலாம். அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கைநாட்டும் போட்டோவும் போதும்.

சிலர் சித்தப்பா பையனைச் சேர்த்துவிடுகிறார்கள். அவனும் மொத்தத்தையும் எடுக்கலாம் என்பதை யோசிப்பதில்லை. ஏடிஎம் கார்டைப் பின் நம்பரோடு பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுப்பதும் அப்படித்தான். நாமே நம்பரைச் சொல்லிவிட்டு, போன பணத்தை வங்கியிடம் கேட்க முடியாது. நடக்க முடியாததால்தான் கொடுக்கிறார்கள், சரி. ஆனால் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே பணம் கொண்டுவரும் சேவை வங்கிகளில் இருக்கிறது. கிளையில் வாய்விட்டுக் கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பொங்கலுக்கு லீவில் வரும் தம்பிமார்கள் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அப்பா, அம்மா இரண்டு பேரையும் ஆதாரோடு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவின் கையெழுத்து பழைய மாதிரியே விழுகிறதா என்று முந்தின நாள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.