மெயின் போர்டில் 30 எம்.ஏ.: அந்த விதி எதற்கு?

மூன்று வருடம் முன்பு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மெயின் போர்டில் ஒரு ஸ்விட்ச் அடிக்கடி கீழே விழுந்துகொண்டே இருந்தது. தூக்கிவிட்டால் பத்து நிமிடம் நிற்கும், மறுபடி டப்பென்று விழும். வந்த எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஈரம் சார். மழை முடியட்டும், இப்போதைக்கு டைரக்ட் பண்ணி விட்டுடறேன்" என்றார். ஸ்விட்சைத் தொடாமல் கரண்ட் சுற்றிப்போக இரண்டு துண்டு வயர், ஐந்து நிமிட வேலை. அப்புறம் எதுவும் விழவில்லை. ஒரு வாரம் கழித்துக் குளியலறைக் குழாயைத் திறந்த என் மனைவி கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். கீசரின் ஹீட்டிங் காயில் விரிசல் விட்டுத் தண்ணீரில் கரண்ட் கசிந்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் உதறலோடு போயிற்று. அந்த ஸ்விட்ச் ஒரு வாரமாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பழக்கத்தில் பலர் இ.எல்.சி.பி. என்பார்கள். விதிப்புத்தகத்தில் ஆர்.சி.டி. என்றோ, மின்கசிவுத் தடுப்புக் கருவி என்றோ இருக்கும். முகப்பில் 30 எம்.ஏ. (மில்லியாம்பியர்) அல்லது 0.03 ஏ (ஆம்பியர்) என்று அச்சிட்டிருக்கும், பக்கத்தில் 'டி' எழுத்தோடு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். இதை வைப்பது நம் விருப்பம் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010இல் வந்து, இடையில் திருத்தப்பட்டு, 2023இல் புதிதாக எழுதப்பட்டன. மிகச் சிறிய இணைப்புகள் போக, வீட்டு மின் இணைப்பில் 30 மில்லியாம்பியருக்கு மேல் கசிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும் என்பது அந்த விதி. மற்ற இடங்களுக்கு 100. தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் தன் பகிர்மான விதித்தொகுப்பில் திருத்தம் செய்து, புதிதாக இணைப்பு கேட்பவர்கள் 30 எம்.ஏ. கருவி பொருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. வாங்கிப் பொருத்துவது நம் செலவு. கம்பெனியைப் பொறுத்துக் கூடக் குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆகும்.

சரி, ஏன் 30? இருபது, ஐம்பது என்று ஏன் இல்லை? இந்த எண் கம்பியின் தடிமனைப் பார்த்து வந்ததில்லை. மனித உடம்பைப் பார்த்து வந்தது.

நம் நரம்பும் தசையும் வேலை செய்வதே மிகச் சிறிய மின் சைகைகளால்தான். வெளியிலிருந்து கரண்ட் உள்ளே வந்தால் தசைக்கு அது மூளை போட்ட உத்தரவா, வயர் போட்ட உத்தரவா என்று தெரியாது. 1 மில்லியாம்பியர் போனால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுணைப்பு. 10ஐத் தாண்டும்போது கை நம் கட்டுப்பாட்டை விட்டுப் போகத் தொடங்குகிறது. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் மடக்குவதுதான் ஜெயிக்கும். அதனால் கம்பியைப் பிடித்தவர் அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். 'கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு' என்கிறோமே, பிடித்துக்கொண்டிருப்பது கரண்ட் இல்லை, அவருடைய சொந்தக் கைதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்த ஆட்களை வைத்து இதை அளந்தார். கையை விடுவித்துக்கொள்ள முடிந்த அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கும் மேலே போனால் மார்புத் தசைகள் இறுகி மூச்சு முட்டும். 40 மில்லியாம்பியர் சில நொடிகள் கையிலிருந்து காலுக்குப் பாய்ந்தாலே இதயத்தின் தாளம் குலையும் அபாயம் தொடங்குகிறது. இதயம் நின்றுவிடுவதாக நாம் சொல்கிறோம், உண்மையில் அது கொத்துக்கொத்தாகத் துடித்து நடுங்கும். ஒவ்வொரு இழையும் தன்னிஷ்டத்துக்கு ஆடும்போது ரத்தம் வெளியே தள்ளப்படாது. பத்து நொடிக்குள் ஆள் நினைவிழந்துவிடுவார். 30 என்ற எண் இந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே போட்ட கோடு.

ஈரக் கை, வெறுங்கால், சிமெண்டுத் தரை என்றால் உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் பக்கத்துக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லியாம்பியர். அதே கை காய்ந்திருந்தால் தோலின் தடை பல மடங்கு. ஒரே கிரைண்டரைத் தொட்டு ஒருவர் சிரித்துக்கொண்டே 'லேசா ஷாக் அடிக்குது' என்பதும், இன்னொரு நாள் அதே வீட்டில் ஒரு உயிர் போவதும் இப்படித்தான். 'லேசா அடிக்குது' என்று யாராவது சொன்னால், அன்று அவர் கை காய்ந்திருந்தது என்பதற்கு மேல் அதில் எந்த ஆறுதலும் இல்லை.

இங்கே பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 30 எம்.ஏ. கருவி இருந்தால் 30க்கு மேல் கரண்ட் உடம்பில் பாயாது என்று நினைக்கிறார்கள். பாயும். 230ம் பாயும், ஷாக்கும் அடிக்கும். கருவி குறைப்பது நேரத்தை. கசிவு 30ஐ எட்டினால் 0.3 நொடிக்குள், அதைப்போல் ஐந்து மடங்கு ஆனால் 0.04 நொடிக்குள் அது துண்டித்தாக வேண்டும். ஒரு இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 நொடி ஆகிறது. அதில் ஒரு சிறு பகுதியில், அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வேளையில்தான், இதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது. துடிப்பில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கரண்ட் நின்றுவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

'எங்க வீட்டில் எம்.சி.பி. எல்லாம் போட்டிருக்கு' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் லோடு ஏறினால் விழும் ஸ்விட்ச். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ 16,000 மில்லியாம்பியருக்கு மேல் போக வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். எம்.சி.பி. வயரையும் வீட்டையும் தீயிலிருந்து காப்பாற்றும், ஆளைக் காப்பாற்ற அது செய்யப்படவில்லை. ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. குறைந்தால், வேறு வழியில் எங்கோ போகிறது என்று அர்த்தம். அந்த வழி ஒரு மனிதராக இருக்கலாம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒருவர் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்று பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் தொட்டால், போனதெல்லாம் திரும்பி வருவதால் கருவிக்கு எதுவும் தெரியாது. அவரை அது ஒரு பல்ப் என்றே எண்ணிக்கொள்ளும். எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர், சரியாக இருப்பதும் முக்கியம். எர்த் இருந்தால் மோட்டாரின் உடலில் கசிவு வந்த கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே, ஸ்விட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் முதலில் ஒருவர் தொட்டாக வேண்டும். மூன்று முனை பிளக்கில் எர்த்துக்கான தடித்த முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனை போர்டில் செருகும் பழக்கம் இதனால்தான் எனக்கு எரிச்சல் தருகிறது.

ஸ்விட்ச் விழுகிறது என்றால் டைரக்ட் பண்ணாதீர்கள். எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் கீசர், வாஷிங் மெஷின், போர் மோட்டார், பழைய ஃபிரிட்ஜ். எல்லாவற்றையும் உருவியும் விழுந்தால் வயரிங்கில் கோளாறு, ஆளைக் கூப்பிட வேண்டும். 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் போர்டில் மாட்டியிருப்பது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

ஷாக் அடித்த ஒருவரைப் பார்த்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு தொடுங்கள். மூச்சு இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் இறங்குமளவு அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார் என்றாலும் விட்டுவிடாதீர்கள். மின்சாரம் தோலில் பொட்டு அளவு கருகல்தான் விட்டிருக்கும். உள்ளே எலும்பை ஒட்டிய தசை வெந்துபோயிருக்கலாம். செத்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அதுதான் அடையாளம். நினைவிழந்தவர், நெஞ்சு படபடக்கிறவர், கர்ப்பிணி, உயர் அழுத்தக் கம்பியில் பட்டவர் எவராக இருந்தாலும் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்து விபத்து நடந்தால் கதை வேறு. கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். மின்சாரச் சட்டம் 2003இன் 161ஆம் பிரிவுப்படி விபத்தைப் பற்றி மின் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டியது மின் நிறுவனத்தின் கடமை. மரணம் என்றால் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை. மின் ஆய்வாளர் அரசு நியமிக்கும் அதிகாரி, மின் நிறுவனத்தின் ஊழியர் இல்லை. அவருடைய அறிக்கை நகல், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றும் இழப்பீடு கேட்கும்போது கையில் இருக்க வேண்டும்.

மின் நிறுவனம் அலட்சியமாக இருந்தது என்று குடும்பம் நிரூபிக்க வேண்டியதில்லை. மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மழை பெய்த இரவில் சாலையில் கிடந்த கம்பி மேல் சைக்கிளில் ஏறி ஒருவர் இறந்துபோனார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் கம்பி விழுந்தது, நாங்கள் என்ன செய்வது என்றது வாரியம். ஆபத்தான பொருளைக் கையாள்பவர் அதனால் வரும் சேதத்துக்கும் பொறுப்பு என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்தப் பாதுகாப்பு பொதுவாக மீட்டர் வரைக்கும்தான். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் வயருக்கும், கீசருக்கும், எங்கள் வீட்டில் டைரக்ட் செய்த அந்த இரண்டு துண்டு வயருக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.